மருந்தும் வெளியே வரவேண்டும்

(ஸ்ரீரங்கத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையில் பல் பிரிவின் தேவைகளை வாசித்தபோது, "வேர்க்கால்வாய் கழுவும் அல்ட்ராசோனிக் முனைகள்" என்று ஒரு வரி வந்தது. கூட்டம் முடிந்ததும் சபைப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயரே, கண் ஆபரேஷன் என்றால் எனக்குப் புரிகிறது. பிரசவ வார்டு என்றால் புரிகிறது. பல்லைக் கழுவ ஒரு கருவியா? பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது அல்லவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொடுக்கிற காணிக்கை எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில் அந்த ஒரு கேள்விக்கே பதில் சொல்ல விரும்புகிறேன். நான் பல் வைத்தியன் அல்ல. இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரெயமும் படித்தவன். பல் பிரிவு டாக்டர்கள் எனக்குப் பொறுமையாக விளக்கியதையும், அவர்கள் பக்கத்தில் நின்று நான் பார்த்ததையும்தான் சொல்கிறேன்.

பல்லுக்குள் ஓடும் வாய்க்கால்

வெளியே தெரிகிற பல் பாதிப் பல்தான். மீதி வேராக எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. அந்த வேருக்கு நடுவில் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. நரம்பும் இரத்தக் குழாயும் அதன் வழியாகத்தான் பல்லுக்குள் வருகின்றன. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்களும் மூன்று அல்லது நான்கு குழாய்களும் இருக்கும். சொத்தை ஆழமாகி அந்தக் குழாயை எட்டிவிட்டால் கிருமி உள்ளே இறங்குகிறது, நரம்பு செத்துப்போகிறது, வேர் நுனியில் சீழ் கட்டுகிறது. முகம் வீங்கி, இரவெல்லாம் தூங்காமல், கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மனிதர்கள் நம் வாசலுக்கு வருவது இந்தக் கட்டத்தில்தான்.

அப்போது வழி இரண்டு. ஒன்று, பல்லைப் பிடுங்குவது. செலவு குறைவு, ஒரே நாளில் முடியும். ஆனால் போன பல் போனதுதான். பக்கத்துப் பல் சாய்கிறது, மேலே உள்ள பல் கீழே இறங்குகிறது, அந்தப் பக்கம் மெல்ல முடிவதில்லை. வசதியுள்ளவர் செயற்கைப் பல் கட்டிக்கொள்வார். கூலி வேலை செய்கிறவருக்கு அந்த இடம் வெற்றிடமாகவே இருந்துவிடும். மற்றொரு வழி, குழாயைச் சுத்தம் செய்து, கிருமியைக் கொன்று, மறுபடியும் கிருமி நுழையாதபடி அடைத்து, சொந்தப் பல்லையே காப்பாற்றுவது. இதைத்தான் ஜனங்கள் ரூட் கெனால் என்கிறார்கள். கெனால் என்றால் கால்வாய். உய்யக்கொண்டான் வாய்க்காலின் கரையில் வாழ்கிற நமக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

வெற்றிலைச் சுண்ணாம்பும் பல்மருந்தும்

சீழ் இல்லாத பல்லை டாக்டர்கள் ஒரே வருகையில் முடித்துவிடுவதும் உண்டு. கிருமி ஆழமாகப் பரவியிருந்தால், சுத்தம் செய்த குழாய்க்குள் ஒரு மருந்தை வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அந்த மருந்து என்ன என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு. அதாவது நீர்த்த சுண்ணாம்பு. நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவுகிறார்களே, அதே பொருள்தான், மருந்துக்கென்று தூய்மையாகத் தயாரிக்கப்பட்டது.

இதைப் பல் மருத்துவத்திற்குக் கொண்டுவந்தவர் ஹெர்மன் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர். ஆண்டு 1920. நூறு வருஷத்திற்கு மேலாகியும் உலகமெங்கும் இது பயன்பட்டு வருகிறது. காரணம் அதன் காரத்தன்மை. அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 12.5. அந்தக் காரத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைப்பதில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் பல் வலிக்குச் சுண்ணாம்பு வைக்கவேண்டாம். அந்தக் காரம் ஈறையும் கன்னத்தையும் வேகவைத்துவிடும்.

நல்ல மருந்தை ஏன் எடுக்கவேண்டும்?

இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடுகிறது, வலி போய்விடுகிறது. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. இனி அந்த மருந்தே இடைஞ்சல்.

குழாயை நிரந்தரமாக அடைப்பதற்கு கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த குச்சிகளையும், அவற்றைச் சுவரோடு ஒட்டவைக்க ஒரு பசையையும் உபயோகிக்கிறார்கள். வேரின் சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். பசை அந்தத் துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கவேண்டும். சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் பசை இறங்காது. பழைய சுண்ணாம்பு உதிருகிற சுவரைச் சுரண்டாமல் அதன்மேல் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? சில மாதத்தில் செதில் செதிலாக வந்துவிடும். கிராம்பு எண்ணெய்ச் சத்தான யூஜினால் கலந்த பசையாக இருந்தால், மிஞ்சிய சுண்ணாம்பு அதோடு வினைபுரிந்து பசையின் தன்மையையே கெடுத்துவிடுகிறது. காலப்போக்கில் அந்தச் சுண்ணாம்பு கரைந்துபோனால் அங்கே ஒரு இடுக்கு உண்டாகும். இடுக்கு இருந்தால் கிருமிக்கு வாசல் திறந்தது. நோயாளி இரண்டு வருஷம் கழித்து அதே வீக்கத்தோடு வருவார், "ரூட் கெனால் பண்ணியும் போச்சு" என்பார். பிறகு அவர் தெருவில் ஒருவரும் ரூட் கெனாலுக்கு வரமாட்டார்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் போகவேண்டும்

அப்படியானால் கழுவி எடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் கஷ்டம். சுத்தம் செய்து அகலப்படுத்திய பிறகும் வேர் நுனியில் அந்தக் குழாயின் அகலம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவுதான். நேராகவும் இருக்காது, வளைந்து போகும். சூரிச் நகரத்தைச் சேர்ந்த வால்டர் ஹெஸ் என்பவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பற்களின் உட்குழாய்களை ரப்பரால் வார்த்தெடுத்து ஆராய்ந்தார். 1925-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலின் படங்களைப் பார்த்தால், ஒரு வாய்க்கால் அல்ல, வாய்க்காலும் கிளையும் குறுக்குச் சந்துமாக நம் டெல்டா வரைபடத்தைப் பார்ப்பதுபோலவே இருக்கும்.

சிரிஞ்சில் மருந்து நீரை எடுத்து ஊசி வழியாகப் பீய்ச்சிக் கழுவுவதுதான் வழக்கமான முறை. கிருமியைக் கொல்லவும் செத்த சதையைக் கரைக்கவும் சோடியம் ஹைப்போகுளோரைட் நீர். முதல் உலகப் போரில், 1915-ஆம் ஆண்டு, பிரான்சில் போர்வீரர்களின் காயங்களைக் கழுவ ஹென்றி டாக்கின் என்பவர் பக்குவப்படுத்திய அதே வகை நீர்தான் இது. ஆனால் ஊசி நுனியைத் தாண்டி அந்த நீர் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குமேல் நன்றாகப் புரள்வதில்லை. அடியில் காற்றுக் குமிழ் அடைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. பலமாக அழுத்தினால் என்ன? அழுத்தக்கூடாது. நீர் வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் போய்விட்டால் நோயாளிக்குப் பெரிய அவதி.

நம்மில் விவசாயக் குடும்பத்தார் பலர் இருக்கிறீர்கள். மேட்டூரில் தண்ணீர் திறக்குமுன் தூர் வாருகிறோம். தலைமடையில் எவ்வளவு அழகாக வாரினாலும், கடைமடையில் மண் கிடந்தால் கடைசி வயல்காரனுக்குத் தண்ணீர் கிடையாது. வேரின் கடைசி மூன்று நான்கு மில்லிமீட்டர் பல்லின் கடைமடை. நோய் இருப்பது அங்கே. மருந்து தங்கிவிடுவதும் அங்கே. தகப்பன் வெட்டிய துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்துவிட்டபோது ஈசாக்கு அவற்றை மறுபடியும் தோண்டினான் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். அடைபட்டதைத் திறப்பது பழைய ஊழியம்.

காதுக்குக் கேளாத ஓசை

குறுகிய வாயுள்ள பாட்டிலின் அடியில் கசடு ஒட்டியிருந்தால் நம் வீட்டு அம்மாமார் என்ன செய்கிறார்கள்? தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தால் போகாது. கொஞ்சம் அரிசியும் தண்ணீரும் போட்டுக் குலுக்குவார்கள். அல்ட்ராசோனிக் கருவி செய்வது அந்தக் குலுக்கலைத்தான்.

1880-ஆம் ஆண்டில் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். அந்தத் தத்துவத்தைத் திருப்பி, மின்சாரம் கொடுத்துப் படிகத்தை அதிரவைத்தால் அல்ட்ராசோனிக் அதிர்வு பிறக்கும். மனிதக் காது நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையே கேட்கும். பல் கருவி நொடிக்கு 25,000 முதல் 30,000 தடவை அதிருகிறது. பெரிய கடை வீதி நகைக்கடைகளில் மூக்குத்தியைத் தண்ணீரில் போட்டு அழுக்கெடுக்கும் சின்னத் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம்தான். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ஸ்கேனும் இதே குடும்பம், ஆனால் அது நொடிக்குப் பல லட்சம் அதிர்வு.

1957-ஆம் ஆண்டில் ரிச்மன் என்பவர் இதை வேர் சிகிச்சைக்கு முதலில் பயன்படுத்தினார். முதலில் குழாயைச் செதுக்கவே முயன்றார்கள். பிறகு, 1980-ஆம் ஆண்டை ஒட்டி, சுவரைச் செதுக்காமல் உள்ளே நிற்கும் நீரை மட்டும் கலக்குவதே நல்லது என்ற முறை வந்தது. குழாயில் நீரை நிரப்பி, தலைமுடிபோன்ற மெல்லிய கம்பியொன்றைச் சுவரில் படாதபடி, நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி அதிரவைப்பார்கள். கம்பியைச் சுற்றி நீர் சுழல்கிறது, நுண்குமிழ்கள் தோன்றி உடைகின்றன, ஒட்டியிருப்பது பெயர்ந்து வருகிறது. 20 நொடி ஓட்டி, கலங்கிய நீரை எடுத்துவிட்டுப் புது நீர் விட்டு மறுபடியும் 20 நொடி, பிறகு இன்னும் ஒருமுறை. ஒரு குழாய்க்கு மொத்தம் ஒரு நிமிஷம்தான். இதற்குத் தனி இயந்திரம்கூட வேண்டியதில்லை. பல்லில் காரை எடுக்கிற அல்ட்ராசோனிக் கருவி பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. பொருத்தமான கருவியாக இருந்தால் அதில் இந்த முனையை மாட்டினால் போதும்.

சோதித்துப் பார்த்தவர்கள் சொல்வது

ஆம்ஸ்டர்டாமில் வான் டெர் ஸ்லூயிஸ் குழுவினர், பிடுங்கப்பட்ட பற்களின் நுனிப் பகுதியில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் சுண்ணாம்பு மருந்தை நிரப்பிக் கழுவிப் பார்த்து, 2007-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். சிரிஞ்சால் மட்டும் கழுவியதைவிட, ஹைப்போகுளோரைட் நீரை அல்ட்ராசோனிக்கால் கலக்கியபோது மருந்து நன்றாக வெளியேறியது.

அதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே, 2006-ஆம் ஆண்டில், நம் சென்னைப் பல் மருத்துவர்கள் நந்தினி, வேல்முருகன், கந்தசாமி ஆகியோர் ஒரு ஆய்வை வெளியிட்டிருந்தார்கள் என்பது நமக்குச் சந்தோஷமான செய்தி. அவர்கள் மருந்தைத் தண்ணீரில் குழைத்தும் எண்ணெய்ப் பசையாகவும் வைத்து, அல்ட்ராசோனிக் அதிர்வோடு ஈ.டி.டி.ஏ. என்ற நீராலும், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தாலும் கழுவி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்பைரல் சி.டி. ஸ்கேனில் அளந்தார்கள். தண்ணீரில் குழைத்தது இலகுவாக வந்தது. எண்ணெய்ப் பசை அடம்பிடித்தது. அதை எடுப்பதில் சிட்ரிக் அமிலமே மேலாக வேலை செய்தது. சுண்ணாம்புக் கறைக்கு எலுமிச்சம்பழம் என்பது நம் வீட்டில் தெரிந்த சங்கதி. அதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களில் செய்யப்பட்டவை. எல்லாப் பல்லிலும் மருந்தை முழுவதும் எடுத்துவிடும் என்று உத்தரவாதம் சொல்லக்கூடிய முறை இன்றுவரை இல்லை. அல்ட்ராசோனிக் முறை சிரிஞ்சைவிட நன்றாகச் செய்கிறது, அவ்வளவுதான். வளைந்த குழாயில் அந்த மெல்லிய முனை சிலசமயம் உடைந்தும்போகும். ஆகவே பொறுமையான கை வேண்டும், தேய்ந்த முனையை மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். பட்டியலில் முனைகள் என்று பன்மையில் எழுதியிருந்ததன் காரணம் அதுதான்.

வலி போன பிறகு

ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டி விற்கிற ஒரு அம்மா கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழோடு வந்தார்கள். பிடுங்கிவிடச் சொல்லித்தான் வந்தார்கள். நாரைப் பல்லால் கடித்து அறுக்கிறவர்கள். பல் போனால் தொழிலுக்கும் சிரமம். டாக்டர் காப்பாற்றலாம் என்று சொல்லி, சுண்ணாம்பு மருந்து வைப்பதை விளக்கினார்கள். "சுண்ணாம்பா? அதைத்தான் நான் தெனம் வெத்தலைக்குத் தடவுறேனே டாக்டரம்மா" என்று அந்த அம்மா சிரித்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

குறித்த நாளில் அவர்கள் வரவில்லை. நான் போன் செய்தேன். "வலிதான் போயிடுச்சே ஐயா, இன்னும் எதுக்கு? ஒரு நாள் வந்தா அன்னிக்கு யாவாரம் போச்சு" என்றார்கள். "மருந்து இன்னும் உள்ளேயே இருக்கும்மா. அதை எடுத்து அடைச்சாத்தான் பல்லு நிக்கும். மத்தியானம் பூ வேலை இல்லாத நேரத்துல வாங்க, நான் டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றேன். மூன்றாவது வாரம் வந்தார்கள்.

டாக்டர் முதலில் சிரிஞ்சால் கழுவினார்கள். வெள்ளையாக வந்தது, பிறகு தெளிந்துவிட்டது. எனக்கு வேலை முடிந்ததுபோலத் தோன்றியது. எக்ஸ்ரேயில் பார்க்கலாமே என்றால், தனிச் சுண்ணாம்பு அதில் பல்லின் நிறத்தோடு கலந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய்விடுமாம். அதன் பிறகு டாக்டர் அந்த மெல்லிய முனையை உள்ளே விட்டு 20 நொடி ஓட்டினார்கள். தெளிந்திருந்த நீர் மறுபடியும் பால்போலக் கலங்கியது. அவ்வளவும் உள்ளேயே இருந்திருக்கிறது. இரண்டாம் முறை ஓட்டியபோது கலங்கல் குறைந்தது. மூன்றாம் முறை நீர் தெளிவாகவே நின்றது. பிறகுதான் அடைத்தார்கள்.

அந்தப் பல் நிலைத்துவிட்டது என்று நான் இன்று சாட்சி சொல்ல வரவில்லை. வேர் நுனியில் கரைந்த எலும்பு மறுபடியும் கட்ட மாதங்கள் ஆகும். ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். இப்போதைக்கு அந்த அம்மா இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறார்கள்.

நம் பங்கு என்ன?

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். பிடுங்கினால் தீர்ந்துவிடும் என்பது மெய்தான், அந்த வலி தீர்ந்துவிடும். ஆனால் பணம் உள்ளவனுக்குப் பல்லைக் காப்பாற்று, ஏழைக்குப் பிடுங்கு என்ற முறை நம் வாசலுக்குள் வரக்கூடாது. 2023-ஆம் ஆண்டில் பக்கத்துப் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது நம் பகுதி ஜனங்களுக்குப் பெரிய உதவி. அப்படியும் அன்றாடக் கூலிக்காரருக்கு அருகிலேயே முடிகிற சிகிச்சை தேவைப்படுகிறது.

உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். முதலாவது, உங்கள் சபையில் யாராவது ரூட் கெனால் பாதியில் விட்டிருந்தால், வலி இல்லை என்று இருந்துவிடாமல் மறுபடியும் டாக்டரிடம் போய் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தற்காலிக அடைப்பு வருஷக்கணக்கில் தாங்காது. இரண்டாவது, இரண்டாம் வருகைக்கு ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் தடையாக இருக்கிறவர்களை நமக்குத் தெரியப்படுத்துங்கள். மூன்றாவது, கட்டடத்திற்குக் கொடுக்கிறவர்கள் இந்தச் சின்ன முனைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தில் கொடுத்தவர் பெயரைக் கல்லில் எழுதலாம். தலைமுடி அளவுக் கம்பியில் யார் பெயரையும் எழுத முடியாது. அது தேய்ந்ததும் குப்பைக்குப் போய்விடும். செய்த வேலையும் எலும்புக்குள் மறைந்திருக்கும்.

சுவிசேஷங்களில் ஆண்டவர் நோயாளிகளைச் சொஸ்தமாக்கினார் என்று வாசிக்கிற பல இடங்களில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் தெரப்பியூவோ. பக்கத்திலிருந்து பணிவிடை செய்வது என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். சுகமாக்குவது என்ற பொருள் அதிலிருந்து வந்தது. நீர் தெளிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்தாமல் இன்னும் ஒரு நிமிஷம் குனிந்து நின்ற அந்த டாக்டரைப் பார்த்தபோது, இறையியல் கல்லூரியில் படித்த அந்தச் சொல் எனக்கு நன்றாக விளங்கியது.